பதினைந்து பல்லும் ஒரு மேடும்

எங்கள் வீட்டுக்கும் என் மனைவி பாடம் எடுக்கும் தையல் பள்ளிக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. மேடு என்றதும் ஏதோ சாதாரண ஏற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ ஒரு பெரிய சுவரைக் கட்டி, பாதியில் மனசு மாறி, அதை லேசாகச் சாய்த்து மேலே தார் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். காக்காய்கூட அதில் பாதி தூரம் பறந்து மீதியை நடந்துதான் போகும். உச்சியில் குடியிருப்பவர் கையிலிருந்து ஒரு வெங்காயம் நழுவினால் அடிவாரத்துக் காய்கறிக் கடைக்காரர் அதைப் பிடித்துத் தராசில் போட்டுவிடுவார்.

இந்த மேட்டில்தான் தினமும் காலையில் என் மோட்டார் சைக்கிள் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில் நன்றாகத்தான் கிளம்பும். பாதி மேட்டில் மூடிக்கிடக்கும் அச்சகத்தின் பக்கம் ஒரு வளைவு வரும். அந்த வளைவைக் கண்டதும் வண்டிக்கு ஆஸ்துமா வந்துவிடும். முதல் கியருக்கு இறக்கினாலும் இருமும், குலுங்கும், கடைசியில் உயிரை விடும். என் மனைவி ஒரு பெருமூச்சோடு இறங்கிக்கொள்வாள். பின்பாரம் குறைந்ததும் வண்டி குஷியாகிக் கிளம்பிவிடும். நான் உச்சியில் போய்க் காத்திருக்க, அவள் துணிப்பையும் பெரிய கத்தரிக்கோலுமாக நடந்து வந்து சேர்வாள். வந்த பிறகு கொஞ்ச நேரம் அவளுக்குப் பேச்சு வராது. எனக்கு அது பழகிப்போன நிம்மதியாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி அவளைப் பார்த்து, வெளியே மழை பெய்கிறதா டீச்சர் என்று கேட்டுவிட்டாளாம். வானத்தில் அன்றைக்கு ஒரு பொட்டு மேகம் கிடையாது. டீச்சர் நனைந்திருந்தது வியர்வையில்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. என் மச்சினனும் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. தையல் பள்ளிக்குப் பக்கத்திலேயே காபிக்கடை வைத்திருக்கிறான். பழைய பொருளைக் கண்டால் அறுத்து அலங்காரம் செய்யாமல் இருக்க முடியாத வியாதி அவனுக்கு. கெட்டுப்போன ஃபிரிட்ஜ் ஒன்றைப் படுக்கவைத்து மெத்தை தைத்து சோபா ஆக்கியவன். அதில் உட்கார்ந்தால் இன்னமும் எனக்கு முதுகு சில்லென்று இருக்கும். அவன் ரொம்ப நாளாக என் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை என்றால் ஆட்டைப் பார்க்கும் கசாப்புக்கடைக்காரரின் பார்வை. நடுவில் அறுத்து, முன்பாதியைச் சுவரில் பதித்து, பின்பாதியின் மேல் கண்ணாடி போட்டு மேசையாக்கப் போவதாகத் திட்டம். சட்டைப்பையில் அளவு நாடாவோடு வந்திருந்தான்.

என் மனைவி தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னாள். "திங்கட்கிழமை புது வகுப்பு ஆரம்பிக்குது. அன்னைக்கு அந்த மேட்டுல நான் ஒரு அடி நடந்தாலும் சரி, வண்டி தம்பி கடைக்குப் போயிடும். நான் ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்குவேன்."

நான் வாதாடினேன். எப்பேர்ப்பட்ட வண்டி, எத்தனை வருட உழைப்பு, ஒருநாளாவது என்னை நடுரோட்டில் விட்டிருக்குமா என்றெல்லாம் அடுக்கினேன்.

"உங்கள விட்டதில்லைதான்" என்றாள். "என்னத்தான் விடுது."

மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் நாடாவை இழுத்து இழுத்து விட்டான்.

"ஊருக்கே தண்ணிய மேட்டுல ஏத்திக் குடுத்த மனுஷன்" என்று அவள் தொடர்ந்தாள். "பொண்டாட்டிய ஏத்த முடியல. நீங்க ரிட்டயர் ஆனத அந்த வண்டிகிட்ட யாரும் சொல்லல போலருக்கு. அது இன்னும் பம்பு ஸ்டேஷன் ரோட்டுலயே ஓடிக்கிட்டு இருக்கு."

இதைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் திட்டுவதாக நினைத்துக்கொண்டு உலகத்திலேயே மிகச் சரியான மெக்கானிக் வேலையைச் செய்திருந்தாள். நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். நான் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருக்கும் நீரேற்று நிலையத்தில். பல வருஷம் தினமும் போய்வந்த அந்தப் பாதை அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக, தட்டையாக இருக்கும். வளைவு கிடையாது, மேடு கிடையாது. தூங்கிக்கொண்டே போகலாம், சில நாள் போயும் இருக்கிறேன். எஞ்சின் பக்கம் உள்ளங்கையளவில் ஒரு பல்சக்கரம், பின்டயரில் சாப்பாட்டுத் தட்டளவில் இன்னொன்று, நடுவில் செயின். மெக்கானிக் கடையில் இவற்றை ஸ்ப்ராக்கெட் என்பார்கள். எஞ்சின் பக்கத்துச் சின்னதில் பல் ஒன்று கூடினால் தட்டையான ரோட்டில் வண்டி அலட்டாமல் நீந்தும், மேட்டில் நாக்குத் தள்ளும். ஒன்று குறைந்தால் மேட்டில் மாடு மாதிரி இழுக்கும், நேர்ரோட்டில் கத்தும். நான் அந்தக் காலத்தில் ஆசை ஆசையாகப் பதினைந்து பல் போட்டுக்கொண்டவன். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பதினைந்து பல்லோடுதான் மார்க்கெட்டுக்கும் மேட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கிணறு வெட்டுகிற கதை.

மறுநாள் காலையிலேயே ஸ்பானர் கடைக்கு ஓடினேன். ஸ்பானர் என்பது எங்கள் மெக்கானிக்கின் பட்டப்பெயர். சாப்பிடும்போதும் அவன் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பானர் இருக்கும். என்னைவிட இருபது வயது சின்னவன், ஆனால் உற்சாகத்தில் எனக்கு அண்ணன். எங்கள் இருவரையும் ஒரே கொட்டகையில் தனியாக விடக்கூடாது என்று என் மனைவியும் அவன் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமலே தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள். அது எவ்வளவு சரி என்று இப்போது தெரியும்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் கண் மின்னியது. முன்னால் ஒரு பல் குறைத்து, பின்னால் இரண்டு கூட்டினால் போதும் என்றான். நியாயமான பேச்சு. நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு பல்லுக்கே இவ்வளவு இழுவை வருமென்றால் இரண்டு பல்லுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். அவன் யோசித்தான். அலமாரியிலிருந்து ஒரு பின்சக்கரத்தை எடுத்துக் காட்டினான். யாரோ மலைப்பாதையில் மூட்டை ஏற்றுகிறவர் சொல்லிவைத்துவிட்டு வாங்காமல் போனதாம். நாற்பத்தாறு பல். முழுநிலா மாதிரி இருந்தது.

"அண்ணே" என்றான் மெதுவாக, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "இத மாட்டிப் பாப்பமா?"

நான் ஏற்கெனவே சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றியபோது உள்ளே பல வருஷத்துக் கரி, மண், கிரீஸ் எல்லாம் சேர்ந்து தாராக உறைந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. பம்பு ஸ்டேஷன் ரோட்டின் பாதி அதற்குள்தான் இருந்தது, மீதிப் பாதியை அரசாங்கம் வைத்திருக்கிறது. சின்னச் சக்கரத்தைப் பிடித்திருந்த நட்டு அசைய மறுத்தது. நான் வண்டி மேல் ஏறி, கியரைப் போட்டு, பின் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொள்ள, ஸ்பானர் ஒரு நீளக் குழாயைச் செருகித் தொங்கினான். நட்டு விட்ட சத்தத்தில் தெருமுனையில் யாரோ டயர் வெடித்ததாக நினைத்து இறங்கிப் பார்த்தார்கள். பழைய சக்கரத்தின் பற்கள் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து அலைபோல நின்றன. புதுப் பதின்மூன்று பல் சக்கரம் அதன் பக்கத்தில் குழந்தை மாதிரி இருந்தது. பின்னால் அந்த முழுநிலா. பழைய செயின் எட்டவே இல்லை, புதிதாக நீளமான ஒன்றைப் போட்டு, பின்டயரை முன்னுக்குத் தள்ளி, செயினை விரலால் அழுத்தி ஆட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறமாகிவிட்டோம்.

வெள்ளோட்டம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கிளட்சை விட்டேன், வண்டி கடையை விட்டுப் போகவில்லை, கடை வண்டியை விட்டுப் போனது. முதல் கியரில் எஞ்சின் கதறி முடிப்பதற்குள் இரண்டு, இரண்டு முடிவதற்குள் மூன்று, தெருமுனை வருவதற்குள் என்னிடம் கியரே மிச்சமில்லை. வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். எண்பது. என் வண்டி அந்த வேகத்தை இவ்வளவு சீக்கிரம் எட்டி நான் பார்த்ததே இல்லை. ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போனார். அவரும் எண்பதுக்கு மேல் போகிறார் போலிருக்கிறது, என்ன உழைப்பு என்று வியந்தேன்.

அன்று முழுக்க அந்த எண்பதை ஊருக்கெல்லாம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது நூறாகியிருந்தது. என் பங்கு அதில் பதினைந்துதான், மீதியைக் கேட்டவர்கள் சேர்த்தார்கள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மச்சினன் உச்சியில் கடை வாசலில் ஆட்களைக் கூட்டி வைத்திருந்தான். என் தோல்வியைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை. எனக்கு வெற்றியைக் காட்ட அதைவிட ஆசை. என் மனைவி வழக்கமான பையோடு பின்னால் உட்கார்ந்தாள்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஹெல்மெட் போட்டுவிட்டால் பேச்சு காதில் விழாது. அதனால் என் முதுகில் அவள் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம். கல்யாணமான புதிதில் வைத்துக்கொண்ட சட்டம், அன்றுவரை ஒருதரம்கூடப் பிசகியதில்லை.

அடிவாரத்தில் காய்கறி வண்டிகள் குறுக்கே நின்றதால் நிறுத்தினேன். அப்போது அவள் பையின் வார் நழுவியிருக்கிறது. பின்டயர் பக்கம் தொங்கி, அந்த முழுநிலாவில் சிக்கிவிடுமோ என்று பயந்து, இறங்கிச் சரி செய்யலாம் என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டியிருக்கிறாள். தட்டிவிட்டு இறங்கினாள். இறங்கும்போது பை வீசி வந்து என் முதுகில் இடித்தது. எனக்கு எண்ணிக்கை இரண்டு.

போனேன்.

ஐயா, அதுபோல ஒரு ஏற்றத்தை நான் வாழ்க்கையில் ஏறியதில்லை. வண்டி முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் பாய்ந்தது. மேடு என் கீழே சுருண்டுகொண்டு போனது. பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. பல்சக்கரத்தின் மகிமை என்று பூரித்துப்போனேன். இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள். காய்கறிக் கடைக்காரர் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார். மக்களுக்குத்தான் என்ன அன்பு என்று நானும் கையை ஆட்டினேன். அச்சகத்து வளைவில் வண்டிக்கு இருமல்கூட வரவில்லை. "பாத்தியா, பாத்தியா, இப்ப என்ன சொல்ற?" என்று மேடு முழுக்கப் பின்னால் பேசிக்கொண்டே போனேன். பதில் வரவில்லை. வாயடைத்துப் போய்விட்டாள் என்று இன்னும் சந்தோஷமாக இருந்தது.

உச்சியில் கூட்டத்துக்கு நடுவே பிரேக் போட்டு நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். யாரும் கை தட்டவில்லை.

"மாமா, அக்கா எங்க?" என்றான் மச்சினன்.

"பின்னாடிதான்" என்றேன், திரும்பாமலே.

அவன் எட்டி மேட்டைப் பார்த்தான். "ஆமா மாமா, ரொம்பப் பின்னாடி."

நான் திரும்பிப் பார்த்ததும், கூட்டம் சிரித்ததும், சிரித்த வேகத்தில் ஒருவர் கையிலிருந்த காபி இன்னொருவர் சட்டையில் போனதும் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே பறந்தேன். அவள் அதற்குள் கால்வாசி மேடு நடந்து வந்திருந்தாள். நடை என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு அடியும் தாரில் பதிந்தது.

ஏறிக்கொள் என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக நடந்தாள். வேறு வழியில்லாமல் நானும் வண்டியைத் திருப்பி அவள் பக்கத்திலேயே ஓட்டினேன். அப்போதுதான் அந்தப் பல்சக்கரங்களின் இன்னொரு மகிமை தெரிந்தது. முதல் கியரில் கிளட்சைத் தொடாமல், ஒரு கோபக்கார மனைவியின் நடைக்குச் சரிசமமாகப் போகக்கூடிய மோட்டார் சைக்கிள் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும். எஞ்சின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அவளும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. அந்த அளவில் நான் கொடுத்துவைத்தவன்.

உச்சிக்கு வந்ததும் மச்சினன் நாடாவை எடுத்து வண்டியின் நடுவில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்துவிட்டான். அக்கா நடந்துவிட்டாள், வண்டி அவன் கடைக்குத்தான் என்று அவன் கட்சி. தீர்ப்பு சொன்ன நாள் திங்கட்கிழமை, இன்றைக்கு ஞாயிறு என்று என் கட்சி. கூட்டமும் இரண்டாகப் பிரிந்தது. என் மனைவி ஃபிரிட்ஜ் சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை.

செய்தி கேள்விப்பட்டு ஸ்பானரும் வந்து சேர்ந்தான். வண்டியைச் சுற்றி வந்து, இன்னும் பின்னால் இரண்டு பல் கூட்டினால் என்ன ஆகும் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். அவனும் என்னைப்போலத்தான், விழுந்த இடத்திலிருந்து மேலும் தோண்டுகிற ஆள். எண்பது கிலோமீட்டர் வேகத்தைப் பற்றி நான் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது மட்டும் நெளிந்தான். இந்த வண்டியில் அந்த முள்ளுக்குக் கணக்குச் சொல்வது முன்டயர் அல்ல, எஞ்சின் பக்கத்துச் சின்னச் சக்கரம்தான் என்று உண்மையை உடைத்தான். அந்தச் சக்கரம் இப்போது தலைதெறிக்கச் சுற்றுகிறது, டயர் அவ்வளவு சுற்றவில்லை. முள் எண்பது காட்டினால் போனது ஐம்பத்தைந்தோ அறுபதோதான். தெருவில் சைக்கிள்காரர் தாண்டிப் போனபோது எண்பது என்று நான் எந்த முள்ளைப் பார்த்தேன் என்று அவனுக்கே சந்தேகம். எனக்கும்தான்.

என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்போ இனிமே எங்க வீட்டுல கூட்டிச் சொல்றதுக்கு ரெண்டு பேரு, இவரும் இந்த முள்ளும்" என்றாள்.

முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று எட்டிப்பார்த்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வாய்ப்பு, நாளைக் காலை, அதன் பிறகு நீ சொல்வதே சட்டம் என்றேன். எனக்கு இந்த வண்டி போனால் கை போன மாதிரி என்று சொல்ல வந்தேன். இரண்டு கை, ஒரு கால் என்று வாய்வரை வந்தது. வழக்கமாக வருவதைவிட அது குறைவுதான், ஆனால் அதையும் சொல்லாமல் வண்டி சீட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"கழட்டுங்க" என்றாள் ஸ்பானரிடம். "நான் வந்து பக்கத்துல நிக்கிறேன்."

அன்று மத்தியானம் ஸ்பானர் கொட்டகை தையல் பள்ளியாக மாறியது. அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுநிலாவைக் கையில் வாங்கிப் பார்த்தாள், பதின்மூன்று பல் குழந்தையைப் பார்த்தாள், எதற்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"சட்டை இறுக்கமா இருக்குன்னா, தையலப் பிரிச்சு ஒரு விரல் விடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்து கூடாரம் தைச்சு வச்சிருக்கீங்க."

ஸ்பானர் தலையைச் சொறிந்தான். காதுக்குப் பின்னால் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. முதலில் அவன் வாயாலேயே சொன்ன கணக்குக்கே போனோம். முன்னால் பதினான்கு, பின்னால் முன்பிருந்ததைவிட இரண்டு கூட. செயினில் மிகுந்த கண்ணிகளை எடுத்து அளவாக்கினான். ஆட்டம் சரிபார்க்கிற இடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஆள் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் தாழுமே, அப்போது இந்தச் செயின் இறுகாதா? நாங்கள் இருவரும் முதல் தடவை ஆள் ஏறாமலே பார்த்து முடித்திருந்தோம். அவளையே ஏற்றி உட்காரவைத்து, அதற்குப் பிறகு செயினை அழுத்திப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தினான். தைக்கிறவர் அளவெடுக்கும்போது ஆளை நிற்க வைத்துத்தானே எடுப்பார்.

திங்கட்கிழமை விடிந்தது. முதல்நாள் இரவு நான் தூங்கவே இல்லை என்று எழுத ஆசைதான். தூங்கினேன். ஆனால் கனவு முழுக்கக் கண்ணாடி மேசை. அதன் மேல் யாரோ காபி வைக்கிறார்கள், அடியிலிருந்து என் வண்டியின் பின்விளக்கு என்னைப் பார்க்கிறது.

கிளம்பியபோதே வித்தியாசம் தெரிந்தது. பாயவில்லை, இருமவில்லை. மார்க்கெட் தெருவில் வேகத்தடைகளுக்கு முன்னால் குறைத்து, தாண்டியதும் கூட்டினால், கூப்பிட்ட குரலுக்கு வந்தது. முன்பெல்லாம் இந்தத் தெருவில் கிளட்சைப் பிடித்துப் பிடித்தே என் இடதுகை வீங்கும். இன்று இரண்டாம் கியரிலேயே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று, பின்னால் ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

மேட்டில் ஏறினோம். இரண்டாம் கியர். எஞ்சின் கனத்த குரலில் ஒரே சீராகப் பேசியது. என் மனைவியின் கை என் தோளில் இருந்தது, அதன் பாரம் ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரிந்தது. அச்சகத்து வளைவு வந்தது. முதல் கியருக்கு இறக்கினேன். வளைவைப் பாதி தாண்டியிருப்போம், மேலேயிருந்து ஒரு மரச்சாமான் லாரி பின்பக்கமாக இறங்கி வந்து தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது.

நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மேட்டிலேயே மிகச் செங்குத்தான இடத்தில், பின்பிரேக்கை மிதித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு துணிப்பையுமாக. பதினைந்து பல் இருந்த காலத்தில் இந்த இடத்தில் நின்றால் கதை முடிந்தது. லாரிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வழிவிட்டார். மேலே காபிக்கடை வாசலில் மச்சினன் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

என் மனைவியின் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. பல மாதப் பழக்கம், அந்த வளைவில் வண்டி நின்றதும் அவள் கால் தானாகத் தரையைத் தேடிப் போகிறது.

நான் ஹெல்மெட்டைத் தூக்கித் திரும்பினேன். "இறங்காத" என்றேன். "உக்காரு."

அவள் காலைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிரேக்கை விட்டுக்கொண்டே கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். எஞ்சின் ஒரு முறை குரலைத் தாழ்த்தியது. என் உயிர் எங்கே போய் நின்றது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறகு செயின் இறுகுவது காலடியில் தெரிந்தது, பின்டயர் தாரைக் கவ்வியது, வண்டி ஒரு அடி நகர்ந்தது. இரண்டடி. வளைவு எங்களுக்குப் பின்னால் போனது. அவ்வளவுதான். பாய்ச்சல் இல்லை, முன்சக்கரம் தூக்கவில்லை, சைக்கிள்காரரைத் தாண்டிவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த மேட்டில் சைக்கிளே வராது. ஆனால் என் வாழ்க்கையில் நான் ஓட்டிய மிக வேகமான தூரம் அந்த முப்பது கஜம்தான் என்று யாரிடமும் சத்தியம் செய்வேன்.

பள்ளி வாசலில் புது மாணவிகள் நின்றிருந்தார்கள். என் மனைவி தலைமுடி கலையாமல், ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், மகாராணி மாதிரி பின்னால் உட்கார்ந்திருந்தாள். மச்சினன் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். நிஜமாகவே அவன் முகம் வாடிவிட்டது, எனக்கே பாவமாகப் போய், எங்கள் வீட்டுப் பழைய வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். உடனே தெளிந்துவிட்டான். அதன் கதவை எங்கே மாட்டலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்தான்.

நான் எஞ்சினை அணைக்கவில்லை, அவள் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் இறங்கவில்லை.

"என்ன?" என்றேன்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாள். பள்ளிக்கு அப்பால் மேடு மறுபக்கம் இறங்கிப் போகிறது. இத்தனை நாள் உச்சிக்கு வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க உள்ளே போனவள், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

"இறக்கம்" என்றேன். "பெரிய இறக்கம். கிணறு மாதிரி."

"இறங்கினா திரும்ப ஏறணும்."

"ஏறணும்."

மாணவிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வகுப்புக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன்.

"நடக்குறதுக்குன்னு ஒதுக்கி வச்ச நேரம் அப்படியே மிச்சமிருக்கு" என்றாள். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அதன் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். "போங்க."

மச்சினன் வாசலிலிருந்து, அக்கா, எங்கே போறே என்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கியரைப் போட்டேன்.